மோட்டாருக்காக ஜெனரேட்டர் வாங்க வேண்டாம்

கேள்வி: ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது எங்கள் வீட்டில் நான்கு நாட்கள் மின்சாரம் இல்லை. வீட்டில் நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், மாமியார் என நான்கு பேர். கறவை மாடு இரண்டு. மாமியாருக்கு நுரையீரல் பாதிப்பு. இரவு முழுவதும் நிமிடத்துக்கு 2 லிட்டர் அளவில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கணவருக்கு இன்சுலின் உண்டு, அது ஃபிரிட்ஜில் இருக்கிறது. போர்வெல்லில் 1.5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார். தெரிந்த பந்தல்காரர் ஒருவர் தன்னுடைய பழைய 7.5 கே.வி.ஏ. திறன் கொண்ட டீசல் ஜெனரேட்டரை 85,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். கணவர் அதை வாங்கிவிடலாம் என்கிறார். மகள் 2.8 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் போதும் என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் மானியத்தில் சோலார் போட்டால் ஜெனரேட்டரே தேவையில்லை என்கிறார். எதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பந்தல்காரருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் மகள் சொல்வதுதான் சரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதுவும் தனியாகப் போதாது. ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் இது வெளிச்சத்துக்கும் மின்விசிறிக்குமான கேள்வி இல்லை, ஒருவருடைய மூச்சைப் பற்றிய கேள்வி.

கிருஷ்ணகிரியில் 26 ஆண்டுகளாக மின் ஒப்பந்த வேலையும் ஜெனரேட்டர் பழுது பார்க்கும் வேலையும் செய்து வருகிறேன். அந்த டிசம்பர் முதல் தேதி இரவை நம் மாவட்டத்தில் எவரும் மறக்க மாட்டார்கள். புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்த புயல் அடங்கிவிட்டது என்று நாம் நினைத்திருந்த நேரத்தில், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போயின. அதற்குப் பிறகு பலர் அவசர அவசரமாக ஜெனரேட்டர் வாங்கினார்கள். அடுத்த கோடையில் சூறைக்காற்று அடித்து மின்கம்பங்கள் சாய்ந்தபோது அவற்றில் பல என் பட்டறைக்கு வந்தன. பெரும்பாலானவற்றில் இயந்திரக் கோளாறே இல்லை. அளவு தவறி வாங்கியவை, அல்லது வாங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூட ஓட்டப்படாதவை.

உங்கள் கடிதத்தில் நான்கு தேவைகள் இருக்கின்றன: ஆக்சிஜன் கருவி, ஃபிரிட்ஜ், விளக்கும் விசிறியும், தண்ணீர். இந்த நான்கையும் ஒரே இயந்திரத்தின் தலையில் ஏற்றப் பார்ப்பதால்தான் 7.5 கே.வி.ஏ. வரை பேச்சு போகிறது. தண்ணீரை மட்டும் அந்தக் கணக்கிலிருந்து பிரித்துப் பாருங்கள், இயந்திரத்தின் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

மோட்டார் எவ்வளவு கேட்கும் என்பதை முதலில் பார்ப்போம். ஒரு எச்.பி. என்பது 746 வாட்ஸ். அப்படியானால் 1.5 எச்.பி.க்கு 1,119 வாட்ஸ் தானே என்று கடையில் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். அது மோட்டாரின் தண்டு வெளியே கொடுக்கும் வேலை. ஒற்றை பேஸ் நீர்மூழ்கி மோட்டார் கம்பியிலிருந்து இழுப்பது அதைவிட அதிகம். சென்ற மாதம் மத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இதே அளவு மோட்டாரின் ஒயரில் டாங் டெஸ்டரை, அதாவது ஆம்பியர் அளக்கும் கருவியை, மாட்டிப் பார்த்தேன். சீராக ஓடும்போது 9.8 ஆம்பியர் காட்டியது. ஆனால் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்திய அந்த நொடியில் எண் 40-ஐத் தாண்டிப் போய், பிறகுதான் இறங்கி வந்தது. நின்றுகொண்டிருக்கும் மோட்டார் தண்ணீர்ப் பாரத்தோடு கிளம்பும்போது நான்கைந்து மடங்கு மின்சாரத்தை ஒரே மூச்சில் கேட்கும். டிரான்ஸ்பார்மர் அதைக் கொடுத்துவிடும். ஜெனரேட்டரால் முடியாது. 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரின் முழுக் கொள்ளளவே 230 வோல்ட்டில் சுமார் 22 ஆம்பியர்தான். 2.8-இல் 12 ஆம்பியர். வோல்டேஜ் சரிந்து, மோட்டார் கிளம்பாமல் உறுமிக்கொண்டே நிற்கும். அப்படி அரை நிமிடம் நின்றால் கெபாசிட்டர் போகும், கொஞ்சம் கூடினால் காயில் வெந்துவிடும். காயில் வெந்தால் பல நூறு அடி பைப்பை மேலே தூக்க வேண்டும். அந்தச் செலவு உங்களுக்கே தெரியும்.

ஆகவே இந்த மோட்டாரை ஓட்ட வேண்டுமானால் 7.5 கே.வி.ஏ. வேண்டும் என்று உங்கள் கணவர் நினைப்பது தவறில்லை. ஆனால் அந்த மோட்டார் ஒரு நாளில் ஓடப்போவது அரை மணி நேரம். மீதி நேரம் முழுவதும் அந்தப் பெரிய இயந்திரம் எதைத் தாங்கப் போகிறது? இரவில் ஒரு ஆக்சிஜன் கருவி, ஒரு விசிறி, ஒரு விளக்கு. மொத்தம் 400 வாட்ஸ். அதன் திறனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

டீசல் இன்ஜினுக்கு இது ஆகாத வேலை. பாரம் இல்லாமல் மணிக்கணக்கில் ஓடினால் உள்ளே போதிய சூடு ஏறாது, டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசலும் கரியும் சைலன்சர் குழாய்க்குள் தார் போலப் படியும், பிஸ்டன் வளையங்கள் பிடித்துக்கொள்ளும், ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பாரமாவது இல்லாமல் டீசல் ஜெனரேட்டரை நெடுநேரம் ஓட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அது தவிர, பந்தல் வாடகைக்குப் போய்வந்த இயந்திரம் என்றால் எத்தனை ஊர்த் திருவிழாவில் எத்தனை இரவுகள் ஓடியது என்பது அதன் உரிமையாளருக்கே நினைவிருக்காது. மணிக்கணக்குக் காட்டும் மீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நின்றுபோயிருக்கும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் அதன் வழியே புகை குப்குப்பென்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அந்தப் புகையும் சத்தமும் நுரையீரல் நோயாளி படுத்திருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் தண்ணீருக்கு என்ன வழி? தொட்டி. கறவை மாடு ஒன்றுக்கு நாளைக்கு 60 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கு 120. வீட்டில் நான்கு பேருக்குச் சிக்கனமாக 350 லிட்டர். ஆக நாளைக்கு 470 லிட்டர். நான்கு நாளைக்கு 1,900. மாடியில் 2,000 லிட்டர் கொள்ளும் அளவுக்குத் தொட்டி இருந்தால், மழை எச்சரிக்கை வந்த அன்று நிரப்பிவிட்டு நீங்கள் மோட்டாரை மறந்துவிடலாம். இப்போது 1,000 லிட்டர் தொட்டி இருந்தால் பக்கத்திலேயே இன்னொன்றை வைத்து இரண்டையும் அடியில் குழாய் போட்டு இணையுங்கள். மாடியின் நடுவில் வைக்காமல் சுவர் தாங்கும் இடத்தில் வையுங்கள், ஏனென்றால் நிரம்பிய தொட்டி ஒன்றே ஒரு டன் எடை. ஒகேனக்கல் குடிநீர்க் குழாய் இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். அதுவும் மின்சாரத்தில் ஏற்றி அனுப்பப்படும் நீர்தான், பெருமழைக் காலத்தில் அதுவும் நிற்கலாம். ஐந்தாம் நாளும் கரண்ட் வராமல் தொட்டி காலியானால், அதே பந்தல்காரரின் ஜெனரேட்டரை ஒரு மணி நேர வாடகைக்குக் கொண்டுவந்து தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம். சொந்தமாக வைத்திருக்கத் தேவையில்லாத பொருளுக்கு வாடகைதான் சரியான விலை.

இனி மாமியாருக்கு வருகிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

5 லிட்டர் வகை ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் பெரும்பாலும் 300 முதல் 350 வாட்ஸ் வரை எடுக்கும். கருவியின் பின்புறத் தகட்டில் எழுதியிருக்கும், பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதை நேரடியாக ஜெனரேட்டரை மட்டும் நம்பி ஓட்டக் கூடாது. நள்ளிரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போய், மழையில் நனைந்தபடி ஒருவர் வெளியே ஓடி, அது நாலாவது இழுப்பில் கிளம்பும் வரை மாமியார் காத்திருக்க வேண்டுமா? முதல் தடுப்பு பேட்டரி இன்வெர்ட்டராகத்தான் இருக்க வேண்டும். மின்வாரியக் கரண்ட் போலவே சீரான அலையாகத் தரும் சைன்வேவ் வகையே வாங்குங்கள். பழைய ஸ்கொயர்வேவ் வகை இந்தக் கருவியின் கம்ப்ரஸருக்கு ஒத்துவராது.

பேட்டரி கணக்கு இது. 200 ஏ.எச். (ஆம்பியர் மணி) டியூபுலர் பேட்டரி இரண்டு சேர்ந்தால் 24 வோல்ட். பெருக்கினால் 4,800 வாட் மணி வரும். அதில் பேட்டரி கெடாமல் எடுக்கக்கூடியதும், இன்வெர்ட்டரில் வீணாவது போக மிஞ்சுவதும் 3,200 அளவில்தான். ஆக்சிஜன் கருவி 350, சிக்கன பி.எல்.டி.சி. விசிறி 30, ஒரு எல்.இ.டி. விளக்கு 9 என்று 390 வாட்ஸ் போட்டால் எட்டு மணி நேரம் வரும். அதாவது முதல் இரவு ஜெனரேட்டரைத் தொடாமலே கழிந்துவிடும். சாதாரண விசிறி 75 வாட்ஸ் இழுக்கும் என்பதால் மாமியார் அறை விசிறியை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். பேட்டரி புதிதாக இருக்கும்போதுள்ள கணக்கு இது. மூன்று ஆண்டு கழித்து ஆறு மணி நேரம்கூட வராமல் போகலாம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரவில் மெயினை நிறுத்திவிட்டு எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள்.

இரண்டாம் இரவில்தான் சிக்கல். காலியான பேட்டரியை நிரப்ப நேரம் பிடிக்கும். இந்த வகை ஈய பேட்டரி அவசரப்படுத்தினால் வாங்கிக்கொள்ளாது. 20 ஆம்பியரில் ஏற்றினாலும் ஏழெட்டு மணி நேரம் ஆகும். இதைச் சொல்லாமல்தான் பலர் இன்வெர்ட்டரும் சின்ன ஜெனரேட்டரும் விற்றுவிட்டுப் போகிறார்கள். உங்கள் வீட்டுக்கு நான் போடும் ஏற்பாடு இது: மின்சாரம் இல்லாத நாட்களில் மாலை 7 மணியிலிருந்து இரவு 11 மணி வரை ஜெனரேட்டர் ஓடட்டும். மாமியார் அந்த நேரத்தில் படுத்தாலும் கருவி ஜெனரேட்டரில் ஓடும், பேட்டரியும் ஏறும், ஃபிரிட்ஜும் குளிரும். 11 மணிக்கு நிறுத்திவிட்டால் விடிய 5 மணி வரை ஆறு மணி நேரம் பேட்டரி தாங்கும். காலையில் மறுபடி மூன்று, நான்கு மணி நேரம் ஓட்டினால், மாலையில் ஏறுவதோடு சேர்த்துச் செலவான அளவு நிரம்பிவிடும். லித்தியம் பேட்டரி வாங்க வசதி இருந்தால் இதைவிட வேகமாக ஏறும், விலைதான் அதிகம். உங்களுக்குக் கட்டாயமில்லை.

இத்தனைக்கும் பின்னால் இன்னொன்று இருக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர். இயந்திரம் என்றால் ஒரு நாள் கிளம்பாது, கருவியே பழுதாகலாம். 'பி' வகைச் சிறிய சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம். 'டி' வகைப் பெரிய சிலிண்டரில் 7,000 லிட்டர், இடைவிடாமல் வைத்தாலும் இரண்டு நாளுக்கும் மேல் வரும். மருத்துவரிடம் கேட்டு ஒன்றை ரெகுலேட்டரோடு வீட்டில் வையுங்கள். மாட்டத் தெரிந்தவர் வீட்டில் இரண்டு பேராவது இருக்க வேண்டும். சிலிண்டர் இருக்கும் அறையில் விளக்கேற்றுவது, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் எதுவும் கூடாது. ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் சின்னப் பொறியையும் பெருந்தீயாக்கிவிடும்.

இப்போது ஜெனரேட்டரின் அளவு. பேட்டரி ஏற 600 வாட்ஸ், ஆக்சிஜன் கருவியும் விசிறியும் 390, ஃபிரிட்ஜ் 150, மற்ற அறைகளில் விளக்கும் விசிறியும் 200. ஏறக்குறைய 1,350 வாட்ஸ். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் இன்னொரு 800 வாட்ஸ் கேட்கும். ஆக 2 கே.வி.ஏ. இறுக்கமாகப் போய்விடும், 2.8 முதல் 3 கே.வி.ஏ. வரை உள்ளது பொருத்தம். அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண் பல நேரம் உச்ச அளவாக இருக்கும், அது சில நிமிடங்களுக்குத்தான். 'ரேட்டட்' என்று போட்டிருக்கும் எண்ணைக் கேட்டு அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். மிக்சி, அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் மூன்றும் அந்த நாட்களில் கிடையாது என்று வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தென்பெண்ணைப் பக்கம் உங்கள் ஊரில் தொல்லையில்லை, ஆனால் தளி, தேன்கனிக்கோட்டையில் உறவினர் யாராவது இதே இயந்திரத்தைக் கேட்டால் ஒன்று சொல்லுங்கள்: கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் பெட்ரோல் இன்ஜினின் பலம் மூன்றரை சதவீதம்போலக் குறையும். அங்கே பத்து சதவீதம் குறைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

கடையில் ஒன்றைக் கவனியுங்கள். ஜெனரேட்டர் கரண்ட் வந்ததும் வீட்டு இன்வெர்ட்டர் அதை வடிகட்டித் தருவதில்லை, அப்படியே கடத்திவிடும். அதனால் ஜெனரேட்டரிலேயே வோல்டேஜ் சீராக இருக்க வேண்டும். ஏ.வி.ஆர். (வோல்டேஜைத் தானாகச் சீராக்கும் அமைப்பு) உள்ளதாக வாங்குங்கள். பணம் கூடுதலாகப் போட முடிந்தால் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரே ஆக்சிஜன் கருவிக்கு உகந்தது, சத்தமும் குறைவு, பெட்ரோலும் மிச்சம். வாங்கும் முன் உங்கள் இன்வெர்ட்டர் இந்த ஜெனரேட்டரை ஏற்றுக்கொள்கிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். சில இன்வெர்ட்டர்கள் 'யு.பி.எஸ்.' நிலையில் இருந்தால் ஜெனரேட்டர் கரண்ட்டை நல்ல கரண்ட்டாக மதிக்காமல் விட்டு விட்டுப் பேட்டரிக்கே போகும். பின்பக்கம் உள்ள சிறு சுவிட்சை 'நார்மல்' நிலைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னொன்று, கயிறு இழுத்துக் கிளப்பும் வகையா, செல்ஃப் ஸ்டார்ட் வகையா என்பதை உங்கள் கணவரை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்களும் மகளும் கடையிலேயே இழுத்துப் பாருங்கள். அவர் ஊரில் இல்லாத இரவில்தான் கரண்ட் போகும். உங்கள் இருவராலும் முடியவில்லை என்றால் செல்ஃப் ஸ்டார்ட் வாங்குங்கள்.

இப்போது நான் எழுதப்போவதை உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் அரூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். வீட்டுக்காரர் ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் ஏற்பாட்டைக் காட்டினார். மூன்று மீட்டர் ஒயர், இரண்டு நுனியிலும் பிளக். ஒரு பிளக்கை ஜெனரேட்டரிலும் மற்றதைத் திண்ணைச் சுவரில் இருந்த சாக்கெட்டிலும் செருகிவிட்டால் வீடு முழுவதும் விளக்கு எரிகிறது. ஒரு நுனியைச் செருகியதும் மற்ற நுனியின் பித்தளைப் பின்கள் 230 வோல்ட்டோடு வெறுமனே வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. குழந்தை தொட்டால் என்ன ஆகும்? அதைவிடப் பெரிய ஆபத்து வெளியே இருக்கிறது. மெயினை நிறுத்த மறந்துவிட்டால் அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகும், டிரான்ஸ்பார்மரில் பின்பக்கமாக ஏறும். 11,000 வோல்ட்டை நமக்கு இறக்கித் தருகிற அதே டிரான்ஸ்பார்மர், பின்னாலிருந்து 230 கொடுத்தால் 11,000-ஆக உயர்த்தும். அடுத்த கம்பத்தில் மழையில் நனைந்தபடி அறுந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருக்கும் லைன்மேன், லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பித்தான் கை வைக்கிறார். நம் வீட்டுக்கு விளக்கு வர வேண்டும் என்று ஏறியவர் அவர். அந்த ஒயரை வீட்டுக்காரர் முன்னாலேயே கட்டிங் பிளேயரால் நடுவில் வெட்டினேன். அவர் கோபப்பட்டார். காரணத்தைச் சொன்ன பிறகு அவரே மற்ற நுனியையும் வெட்டிப் போட்டார்.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் சேர்க்கவே கூடாது. மேலே தள்ளினால் மின்வாரியம், கீழே தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் எதுவும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சேர வழியே இருக்காது. பேஸ் மட்டும் மாறும் மலிவான சுவிட்ச் வேண்டாம். நியூட்ரலும் சேர்ந்து மாறும் இரு துருவ வகையைப் போடச் சொல்லுங்கள். உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டே செய்யுங்கள். அவரிடம் இதையும் கேளுங்கள்: சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அப்படியே விட்டால் உங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச்) ஜெனரேட்டர் ஓடும்போது ஆளைக் காப்பாற்றாமல் போகலாம். அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதே என்று சமாதானம் அடைய வேண்டாம். அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை. தனி எர்த் அடித்து முறைப்படி இணைக்க வேண்டும்.

ஜெனரேட்டரை வைக்கும் இடம் வீட்டுக்குள் இல்லை, திண்ணையில் இல்லை, மாட்டுக் கொட்டகையில் இல்லை. பெட்ரோல் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக. தூக்கத்தில் இருப்பவர் விழிக்காமலே போய்விடுவார். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று நம்பக் கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, சைலன்சர் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்த்திருக்க, மாமியார் அறை ஜன்னலுக்கு நேர் மறுபக்கத்தில் வையுங்கள். நான்கு கால் நட்டு மேலே தகரம் போட்டால் மழைக்குப் போதும், பக்கங்களை மூட வேண்டாம். தரையிலிருந்து குறைந்தது இரண்டடி உயரத்துக்கு மேடை கட்டுங்கள். 2024-இல் உங்கள் வாசலில் தண்ணீர் எந்த அளவு நின்றது என்று சுவரில் கறை இருக்கும். அதற்கு மேல் ஓரடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கடையில் கிடைக்கிறது, மாமியார் அறையில் ஒன்று மாட்டுங்கள்.

பெட்ரோல் செலவு, நான் சொன்ன ஏற்பாட்டில் மணிக்கு ஒரு லிட்டர் என்று வைத்தால் நாளைக்கு ஏழெட்டு லிட்டர், நான்கு நாளைக்கு 30. விற்பனைக்கு இல்லாமல் வீட்டில் உரிமமின்றி வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவும் 30 லிட்டர்தான். ஆனால் அவ்வளவையும் ஆண்டு முழுவதும் வைத்திருக்காதீர்கள். மழை எச்சரிக்கை வந்ததும் மூடி இறுக்கமான உலோக கேனில் வாங்கி, வீட்டுக்கும் கொட்டகைக்கும் அடுப்புக்கும் தள்ளி வையுங்கள். தேவைப்படாமல் போனால் ஒரு மாதத்துக்குள் இரு சக்கர வண்டிக்கு ஊற்றித் தீர்த்துவிடுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நாள்பட்டால் கெடும். சூடான இயந்திரத்தில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. நிறுத்தி, ஆறவிட்டு, பிறகு ஊற்றுங்கள்.

வாங்கியதை மூடி வைத்துவிட்டால் தேவைப்படும் நாளில் கிளம்பாது. ஓராண்டு கிடந்த ஜெனரேட்டரின் கார்புரேட்டரைக் கழற்றினால், கிண்ணத்தின் அடியில் வேலம்பிசின் போல ஒன்று ஒட்டியிருக்கும். ஊசி நுழையும் ஓட்டையை அது அடைத்துவிடும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேஞ்ச் ஓவரை மாற்றி, வீட்டுப் பாரத்தைப் போட்டு 15 நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்தும்போது சுவிட்சை அணைக்காமல் பெட்ரோல் குழாயை மூடிவிட்டுத் தானாக நிற்கும் வரை விடுங்கள், கார்புரேட்டர் காலியாகிவிடும். முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும், பிறகு 100 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மழை நாட்களில் நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் தினமும் ஆயில் அளவுக் குச்சியைத் துடைத்துப் பாருங்கள்.

சோலார் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி. 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு, மின் கட்டணமும் குறையும். ஆனால் அந்தத் திட்டத்தில் வழக்கமாகப் போடுவது மின்வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும் வகை. கரண்ட் போனதும் அதுவும் நின்றுவிடும், நான் மேலே சொன்ன லைன்மேனைக் காப்பாற்றத்தான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் வகை போட்டால் கரண்ட் இல்லாதபோதும் உதவும். ஆனால் நான்கு நாள் அடைமழையில் தகடுகள் எவ்வளவு கொடுக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள்? கட்டணம் குறைய வேண்டும் என்றால் போடுங்கள். ஜெனரேட்டருக்கு மாற்றாக எண்ண வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். இன்வெர்ட்டரும் பேட்டரியும் முதலில், சிலிண்டர் அதே வாரத்தில், பிறகு தொட்டி. ஜெனரேட்டரும் சேஞ்ச் ஓவரும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வந்தால் போதும். ஜெனரேட்டர் வாங்கப் போகும் முன் ஆக்சிஜன் கருவியின் பின்தகட்டில் உள்ள வாட்ஸ் எண்ணையும், இன்வெர்ட்டர் வாங்கியபின் அதன் சார்ஜிங் ஆம்பியரையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். ஜெனரேட்டர் அளவை ஒரு முறை சரிபார்த்துச் சொல்கிறேன். மாமியாரை அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது, கரண்ட் இல்லாத இரவில் கருவியும் நின்றுவிட்டால் எவ்வளவு நேரம் தாங்குவார், எந்த அறிகுறி வந்தால் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கி, அந்தத் தாளைச் சிலிண்டருக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள்.